பொட்டி வாங்கக் கடைக்குப் போகுமுன்...

"எந்த லேப்டாப் நல்ல லேப்டாப்?"

ஜூன், ஜூலை வந்துவிட்டால் காலேஜ் வாசல் டீக்கடையிலிருந்து ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படி வரை இந்த ஒரு கேள்விதான் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் காமர்ஸ் பசங்க. பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. கேம் ஆடுகிறவனும் வீடியோ வெட்டுகிறவனும் சிபாரிசு செய்யும் பொட்டியை, வவுச்சர் என்ட்ரி போடப்போகிறவன் வாங்கிக்கொண்டு வருகிறான். அப்புறம் மூன்று மாதம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா தூக்க முடியல" என்கிறான்.

ஒரு மெக்கானிக்கிடம் போய் எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்குப்பா வண்டி?" என்றுதான் முதலில் கேட்பார். பால் கேன் கட்டவேண்டுமென்றால் டிவிஎஸ் 50. தினமும் நாற்பது கிலோமீட்டர் போய்வர வேண்டுமென்றால் வேறு. லேப்டாப்பும் அப்படித்தான். ஆனால் லேப்டாப் கடையில் யாரும் அந்த முதல் கேள்வியைக் கேட்பதில்லை. "பட்ஜெட் என்ன சார்?" என்றுதான் கேட்பார்கள்.

வேலை முதலில், பொட்டி பிறகு

கணக்குப்பிள்ளைகளின் சாதிக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1979-ல் விசிகால்க் என்ற மென்பொருள் வந்தது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் மாணவராக இருந்த டான் பிரிக்ளினின் யோசனை அது. புரோகிராம் எழுதியவர் பாப் ஃபிராங்ஸ்டன். இன்றைய எக்செலுக்குக் கொள்ளுத்தாத்தா. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்ற கட்டங்கள் எல்லாம் தானாகவே மாறும். இன்று சாதாரணம், அன்றைக்கு, பென்சிலும் அழிரப்பருமாக பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது மாயாஜாலம். முதலில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடியது. அதனால் என்ன ஆயிற்று? அதுவரை பொழுதுபோக்குக்காரர்களின் பொம்மையாகப் பார்க்கப்பட்ட அந்தக் கம்ப்யூட்டரை ஆபீஸ்காரர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தபோது அதே கூட்டம் ஐபிஎம் பிசி பக்கம் திரும்பியது.

கவனியுங்கள். அவர்கள் வாங்கப் போனது கம்ப்யூட்டரை அல்ல, கணக்குப் போடும் வசதியை. அதை எந்தப் பொட்டி ஓட்டுகிறதோ அதை வாங்கினார்கள். இன்றைக்கு லேப்டாப் வாங்கவும் இதைவிட நல்ல வழி கிடையாது.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கணக்கு

2024-ல் நடந்தது. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகள். பி.காம் முடித்து, சி.ஏ. இன்டரும் பாஸ் செய்து, மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்டிக்கிள்ஷிப் கிடைத்தது. இரண்டு வருடம். சேரும்போதே சொல்லிவிட்டார்கள், லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று.

வீட்டு பீரோவில் ஒரு லேப்டாப் இருந்தது. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்குக் கிடைத்தது. அந்த வீட்டில் முதலில் நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். ஆன் செய்தால் ஆன் ஆகும், டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால் டெஸ்க்டாப் தெரியும். டாலி பிரைம் அதில் ஓட வழியில்லை.

அம்மா சீட்டு எடுத்தார். 20 பேர், மாதம் 2,500, மொத்தம் 50,000 ரூபாய்ச் சீட்டு. அவசரத்துக்கு 6,000 தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது 44,000. மீதித் தவணைகளை மாதாமாதம் கட்டித் தீர்க்க வேண்டும். ஆகவே கடைக்குள் நுழையும்போதே அந்தப் பணத்துக்கு 6,000 ரூபாய் செலவாகியிருந்தது.

அந்தப் பெண் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள். அதே ஆபீஸில் ஒரு வருடம் முடித்த சீனியர் அக்காவிடம் போனில், "என்ன லேப்டாப் வாங்கணும்க்கா?" என்று கேட்கவில்லை. "காலையில போனா சாயங்காலம் வரைக்கும் என்ன என்ன வேலைக்கா செய்வீங்க?" என்று கேட்டிருந்தாள். அக்கா சொன்னதை நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள்.

டாலி. எக்செல், அதுவும் பெரிய பெரிய ஷீட்டாக. ஜிஎஸ்டி போர்ட்டல், வருமான வரி போர்ட்டல். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து டேப். பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப். டிஜிட்டல் கையெழுத்துக்கு டோக்கன், அது பென் டிரைவ் மாதிரி யுஎஸ்பியில் சொருகுவது. வாரத்தில் மூன்று நாள் கிளையன்ட் இடத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டும். அங்கே பிளக் பாயின்ட் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

திருநெல்வேலிக் கடையில் விற்பனைப் பையன் முதலில் எடுத்துக் காட்டியது ஒரு கேமிங் லேப்டாப். கீபோர்டில் கலர் கலராக விளக்கு. விலை 64,990. "கையில் இருக்கிற 44,000 கட்டுங்க சார், மீதி மாசம் 1,999 தான், பன்னிரண்டு மாசம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ரூவா கூடப் போனாலும் பரவால்ல தம்பி, புள்ளைக்கு நல்லதாக் குடுங்க."

அப்பாக்களுக்கு விலைதான் தரம். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. தெரியாத ஒரு பொருளைப் பிள்ளைக்காக வாங்கும்போது, தான் படுகிற சிரமத்தின் அளவை வைத்துத்தான் நல்லதா இல்லையா என்று அவர் அளக்கிறார்.

"இது வேண்டாம்ப்பா."

"ஏம்மா, ரூவாய்க்காவ யோசிக்கியா?"

கடைக்காரப் பையன் எதிரில் நிற்கும்போது இதற்குப் பதில் சொல்வது லேசு இல்லை. அவள் நோட்டைத் திறந்து அப்பாவிடம் காட்டினாள். "இதுல இருக்கிற ஒரு வேலைக்கும் அந்தக் கிராபிக்ஸ் கார்டு உதவாதுப்பா. எடை ரெண்டேகால் கிலோவுக்கு மேல. சார்ஜர் தனி. நான் பஸ்ல தூக்கிட்டுப் போகணும்."

கூட்டியும் பார்த்தாள். மாதம் 1,999 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 23,988. கையில் கொடுப்பதோடு சேர்த்தால் 67,988. 64,990 ரூபாய்ப் பொருளுக்கு 2,998 ரூபாய் கூடுதல். ஏற்கெனவே சீட்டில் தள்ளியது 6,000. அப்பா கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "சரி, உனக்குத்தான தெரியும்" என்று எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கடைசியில் வாங்கியது: 15.6 அங்குலத் திரை, பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி மெமரி, காலியாக இன்னொரு மெமரி ஸ்லாட், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே ஆபீஸ். 37,500 ரூபாய். காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட 1,900. மவுஸ் 350. ஆக மொத்தம் 39,750. மீதி 4,250 மதுரை ஹாஸ்டல் அட்வான்ஸுக்குப் போனது.

2025 ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட்டுக்குப் போனபோதும், மாதாமாதம் 11-ம் தேதி, 20-ம் தேதி ஜிஎஸ்டி நெருக்கடியிலும் அந்தப் பொட்டி தாக்குப்பிடித்தது. ஒரே குறை, திரை. சற்று மங்கல். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். அவள் நோட்டில் திரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

சரி, அந்த நோட்டை இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்ப்போம்.

*பிராசசர்:* "ஐ3 மட்டம், ஐ5 சுமார், ஐ7 சூப்பர்" என்று ஒரு வாய்ப்பாடு ஊரெங்கும் உலவுகிறது. இது ஒரே தலைமுறைக்குள் ஓரளவு சரி. தலைமுறை மாறினால் சரியில்லை. பத்தாம் தலைமுறை ஐ5-10210யு சிப்பில் 4 கோர். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யு சிப்பில் 6 கோர், வேகமும் அதிகம். பெயரில் பெரியது பழைய ஐ5, வேலையில் பெரியது புதிய ஐ3. கடைசி எழுத்தையும் பாருங்கள். யு என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும், ஹெச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம். 

ஏஎம்டியில் வேறு வேடிக்கை. ரைசன் 5 7520யு என்று போட்டிருப்பார்கள். முதல் எண் 7 என்பது 2023-ம் வருட வரிசை என்று சொல்கிறது. மூன்றாவது எண் 2 என்பது உள்ளே இருப்பது ஜென் 2 என்று சொல்கிறது. அந்த வடிவமைப்பு 2019-ல் வந்தது. புது டப்பாவில் பழைய அல்வா. சாப்பிடலாம், ஆனால் புது அல்வா விலை கொடுக்கக் கூடாது :-)

*மெமரி:* காமர்ஸ்காரர்கள் பணம் போட வேண்டிய இடம் இதுதான். எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை வரை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளும் என்பது வேறு, தாங்கும் என்பது வேறு. மூன்று லட்சம் வரிசை சேல்ஸ் ரிஜிஸ்டரில் விலுக்அப் போட்டுவிட்டு, பக்கத்தில் பிரவுசரில் பதினைந்து டேப், டாலி, பிடிஎஃப் எல்லாம் திறந்து வைத்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். 16 இருந்தால் நிம்மதி. பல மெல்லிய லேப்டாப்களில் மெமரியை போர்டோடு சேர்த்து சால்டர் செய்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை ஜிபி?" மட்டுமல்ல. "காலி ஸ்லாட் இருக்கா?"

இன்னொன்று. ஆபீஸ் இன்ஸ்டால் செய்யும்போது 64 பிட் எக்செல்தானா என்று பாருங்கள். 32 பிட் எக்செல் பெரிய ஃபைலில் சீக்கிரமே கையைத் தூக்கிவிடும், எவ்வளவு மெமரி போட்டிருந்தாலும்.

*டிஸ்க்:* எஸ்எஸ்டி இல்லாத பொட்டியை இந்தக் காலத்தில் தொடவே வேண்டாம். கணக்கு ஃபைல்களுக்கு 512 ஜிபி தாராளம். வீட்டில் ஹார்ட் டிஸ்க் போட்ட பழைய லேப்டாப் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டிப் பாருங்கள். தம்பி தங்கைகளின் பாடத்துக்கு இன்னும் சில வருடம் ஓடும்.

*திரை:* 1366க்கு 768 என்று இருந்தால் வேண்டாம். 1920க்கு 1080 வேண்டும். எக்செலில் பக்கவாட்டில் இன்னும் சில காலம் சேர்ந்து தெரியும், அதற்காகவே. ஐபிஎஸ் வகையா என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் கடையிலேயே ஒரு காலி எக்செல் ஷீட்டைத் திறந்து, சற்று தள்ளி நின்று, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கட்டங்களின் கோடு தெரிய வேண்டும். கடையில் ஓடும் டெமோ வீடியோவில் மயிலும் அருவியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.

*கீபோர்டு:* நாள் முழுக்க எண் அடிக்கிறவர்களுக்கு வலது பக்க நம்பர் பேட் கை மாதிரி. 15.6 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்கும். 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது. பயணம் அதிகமென்றால் 14 வாங்கிவிட்டு, தனியாக யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று சில நூறு ரூபாய்க்கு வாங்கி ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

*சொருகும் இடம்:* டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் பழைய செவ்வக யுஎஸ்பியில் சொருகுபவை. சில மெல்லிய லேப்டாப்களில் சின்ன சி டைப் மட்டும்தான் இருக்கும். கடைசித் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு, டோக்கன் கையில் இருந்தும் சொருக இடமில்லாமல் ஙே என்று விழிப்பதைத் தவிர்க்கலாம்.

*பேட்டரி:* "எட்டு மணி நேரம் வரும்" என்பதை நம்ப வேண்டாம். வாட் அவர் எவ்வளவு என்று பாருங்கள். 42 வாட் அவர் பேட்டரி, சாதாரண வேலையில் 8 வாட் எடுத்தால் ஐந்து மணி நேரம் சொச்சம். இந்த வகுத்தல் கணக்கு காமர்ஸ்காரர்களுக்குக் கஷ்டமில்லை.

ஆப்பிள் வாங்கலாமா?

2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததிலிருந்து மேக்புக் ஏர் மீது எல்லாருக்கும் ஒரு கண். பேட்டரி நிற்கும், சத்தமே இருக்காது, எடை குறைவு. எல்லாம் உண்மை. ஆனால் டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. மேக்கில் ஓட்ட சுற்றுவழி தேட வேண்டும், அதற்குத் தனியாகச் செலவும் ஆகும். மேக் எக்செலில் பவர் பிவட் கிடையாது. எம்பிஏ, மார்க்கெட்டிங், டிசைன் என்று போகிறவர்களுக்கு மேக் பொருந்தலாம். ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு அது மழைக்காலத்தில் வெள்ளை வேட்டி.

பழசு வாங்கலாமா?

தாராளமாக. சென்னை ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் கிடைக்கும். அதே விலைக்குக் கிடைக்கும் புது மொக்கை லேப்டாப்பைவிடக் கீபோர்டும் உடம்பும் உறுதியாக இருக்கும். ஆனால் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பொட்டிகள் சல்லிசாகக் கிடைப்பதன் காரணம் இதுதான். பிறருடைய வரிக்கணக்கும் பேங்க் விவரமும் வைத்திருக்கப் போகிற பொட்டியில் பாதுகாப்பு அப்டேட் வராது என்றால் அது மலிவே இல்லை.

இரண்டு, பேட்டரி ரிப்போர்ட். விண்டோஸிலேயே ஒரு கட்டளையில் எடுக்கலாம், கடைக்காரருக்குத் தெரியும். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு இரண்டும் வரும். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையை அங்கேயே கழித்துப் பேசுங்கள்.

மூன்று, ரீசெட் செய்து இன்டர்நெட்டில் இணைத்துப் பாருங்கள். ஏதாவது கம்பெனிப் பெயர் போட்டு லாகின் கேட்டால், அது இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான்கு, பில். பில் இல்லாத லேப்டாப் யாருடையதோ.

கணக்குப்பிள்ளையாக யோசித்தால்

கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணையில் லேப்டாப்பின் ஆயுள் 3 வருடம். 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தின் கீழ் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறையில். 40,000 ரூபாய்ப் பொட்டி முதல் வருட முடிவில் 24,000, இரண்டாம் வருடம் 14,400, மூன்றாம் வருடம் 8,640. பரீட்சைக்காகப் போட்ட இந்தக் கணக்கை யாரும் தன் பொட்டிக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மூன்று வருடத்தில் ஏறக்குறைய காணாமல் போகிற ஒரு பொருளை, அதன் வேலைக்குத் தேவையானதற்கு மேல் கடன் வாங்கி வாங்குவதில் என்ன லாபம்?

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வருடத்துக்கு 300 நாள் வீதம் மூன்று வருடம், 900 வேலை நாள். சங்கரன்கோவில் பெண் வாங்கிய பொட்டிக்கு நாளுக்கு 44 ரூபாய் சொச்சம். அவள் வேண்டாமென்றதற்கு 75 ரூபாய் சொச்சம். நாளுக்கு முப்பது ரூபாய் வித்தியாசம் என்பது ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு ஒருவேளை டிபன்.

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்று போர்டு பார்த்தாலும் பேனாவை எடுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. இப்போது வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டுகிறார்கள். வட்டியை பேங்க் போடத்தான் செய்யும், கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி வாங்குகிறவர் தலையில். வட்டி 3,600 என்று வைத்தால் வரி 648. பிராசசிங் ஃபீஸ் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஆக...

கடைக்குப் போகுமுன் ஒரு தாள் எடுங்கள். மேலே வேலைகளை எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த வேலையில் இருக்கும் ஒரு சீனியரிடம், அவர் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அதற்குக் கீழே, எந்த மென்பொருள், எவ்வளவு தூரம் தூக்க வேண்டும், என்னென்ன சொருக வேண்டும். அதற்கும் கீழே, பணம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே எவ்வளவு செலவாகியிருக்கிறது. விலை கடைசி வரி.

வாங்கிய பிறகு மூன்று வேலை பாக்கி. பில்லையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். டிஸ்கைப் பூட்டி, நல்ல பாஸ்வேர்டு போடுங்கள். உள்ளே இருக்கப்போவது கிளையன்ட்டின் கணக்கு, கிராக் செய்த மென்பொருள் எதையும் அதன் பக்கத்தில் குடிவைக்காதீர்கள். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொண்டு, ஒரு வெளி டிஸ்கில் பேக்கப் எடுங்கள். பொட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். மார்ச் மாதக் கணக்கு போனால் ஆடிட்டர் முகத்தைப் பார்க்க முடியாது.